உடைந்த அடுக்களை மேடை

குழாய்க் கசிவைச் சீர்செய்யவோ சுவரில் புதிய ஓடு பதிக்கவோ அடுக்களை மேடையின் கல்லைப் பெயர்த்தெடுத்து மீண்டும் பொருத்த நேரிடுகிறது. அவ்வேளையில் கல் உடைந்துவிட்டால், குடும்பத்தின் சேமிப்பு கரைவதோடு, வீட்டாருக்கும் கொத்தனாருக்கும் இடையே மனத்தாங்கலும் மூள்கிறது. சற்று விவரமறிந்து நடந்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கிரானைட் கல் பெரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் வளைவைத் தாங்காது. 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் உடைய பலகை ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளது. அதனைப் படுக்கை வாட்டத்தில் தூக்கினால் தன் எடையாலேயே முறியக்கூடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய துளையின் முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய பகுதியே முதலில் விரியும். எனவே எரிவாயு உருளையை மூடி அகற்றிய பின், பழைய சாந்தை முழுவதும் தளர்த்தி, கதவைப்போல் நிமிர்த்தியே கல்லைச் சுமக்க வேண்டும்.

உடைந்துவிட்டால் என் செய்வது? சில்லுகளை எறியாது சேர்த்து வைக்க வேண்டும். உடைந்த முகங்களைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கி, ஈரமின்றி உலர்த்தி, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்க்கலாம். பின்னர் இரு கூறுகளாக விற்கும் எபாக்சிப் பசையைக் குறித்த அளவில் குழைத்து, அதே நிறக் கல்தூளைக் கலந்து பூசி இறுக்கி, ஒரு நாள் அசையாது விடவேண்டும். மேலெழும்பிய பசையைப் பிளேடால் சுரண்டி, மெருகிடலாம்.

பசை மட்டும் பாரம் சுமக்காது. ஒட்டின் நேர் அடியில் செங்கற் சுவரோ கடப்பாக் கல்லோ தாங்கலாக நிற்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் வெற்றிடமின்றிச் சாந்திட வேண்டும்; இல்லையேல் மீண்டும் விரியும். கொதிக்கும் பாத்திரத்தை ஒட்டின்மீது வைத்தலாகாது. வெப்பத்தால் பசை இளகும். கடப்பாக் கல் சுண்ணாம்பு இனத்தது. ஆதலால் கறை போக்க அதன்மீது ஆசிட் ஊற்றினால் மெருகு அழியும். பல துண்டாக நொறுங்கிய கல்லையும், அடுப்பின் அடியில் விரிந்த கல்லையும் மாற்றுவதே நலம்.

இன்னுமொன்றை நாம் மறத்தலாகாது. கிரானைட்டை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் நுண்தூள் தொழிலாளியின் நுரையீரலில் தங்கி, தீராத சிலிக்கோசிஸ் நோயைத் தரவல்லது. நீர் ஊற்றி அறுக்கச் செய்வதும், தகுந்த முகக்கவசம் அணியச் செய்வதும் வேலை கொடுப்போரின் கடமை.

வேலை தொடங்குமுன் இருதரப்பினரும் கல்லைச் சேர்ந்து பார்வையிட்டு, முன்பே உள்ள விரிசல்களைக் குறித்துக்கொண்டு, சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு எனப் பேசி முடிப்பது நன்று. பழைய விரிசலுக்காக ஏழைத் தொழிலாளியின் அன்றாடக் கூலியைப் பிடித்தம் செய்வது நீதியாகாது. அக்கூலியை நம்பி அவர் வீட்டிலும் ஓர் அடுப்பு எரிய வேண்டியுள்ளது.