அரட்டையில் ஆளை எடை போடலாமா?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எனது வாப்பா ஜவுளிக்கடை வைத்திருந்த காலத்தில், கடன் கேட்டு வருபவரின் முகம் பார்த்து, குடும்பம் விசாரித்த பின்னரே கொப்பியில் பெயர் எழுதுவார். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் நாம் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அந்தக் கொப்பியும் கடையோடு போயிற்று. புத்தளத்தில் வெறுங்கையோடு நின்ற வாப்பாவுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர், அவரைப் பல வருடங்கள் நேரில் பழகி அறிந்த ஒரு கொழும்பு முதலாளி.

இன்று ஊர் திரும்பிக் கடை நடத்தும் நான், கொள்வனவைப் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் பேசி முடிக்கிறேன். அங்கேதான் சறுக்கினேன்.

புறக்கோட்டையில் இரண்டு மொத்த வியாபாரிகளோடு தொடர்பு இருந்தது. ஒருவர் "சரி.", "இல்லை.", "நாளை." என்பதற்கு மேல் எழுத மாட்டார். செய்தியைப் பார்த்ததற்கான நீல அடையாளம் விழும். பதில் வர மாலையாகும். 'தலைக்கனம் பிடித்தவர்' என்று முடிவு கட்டினேன். மற்றவரோ "அன்பு நானா" என்பார். ஸலாம், துஆ, பூப்படம் எல்லாம் வரும். அவரை நம்பி நோன்புப் பெருநாள் சரக்குக்கு ஒன்றரை இலட்சம் ரூபா முற்பணம் அனுப்பினேன். பெருநாள் முடிந்து பத்தாம் நாள் பாதிச் சரக்கு வந்தது. மீதிப் பணம் இன்னும் வரவில்லை. பூப்படங்கள் மட்டும் வருகின்றன!

பின்னர் கொழும்பு போனபோது முதலாமவரைக் கண்டேன். அறுபதைத் தாண்டியவர். ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறார். நான் விலை மட்டும் கேட்டுவிட்டு விட்ட சாரன் கட்டை, எனக்காக இரண்டு வாரம் ஒதுக்கி வைத்திருந்தாராம். வெட்கமாகிப் போனது.

இது என் ஒருவனின் தவறல்ல. அமெரிக்க ஆய்வாளர்களான குரூகர், எப்லி ஆகியோர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கேலியாகச் சொன்னதா, உண்மையாகச் சொன்னதா என்பதைக் குரலில் கேட்டவர்கள் 100க்கு 73 தடவை சரியாகக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் வாசித்தவர்களோ 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்குமே! 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று, கைத்தொலைபேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இட்டால் மனதார எழுதியதாகத் தோன்றுவதில்லை என்று காட்டியது. அந்தப் பெரியவரின் "சரி." எனக்குக் கசந்ததும் இப்படித்தான்.

ஒருவரைப் பற்றி நற்சாட்சி சொன்ன மனிதரிடம் உமர் (ரழி) அவர்கள் மூன்று கேள்வி கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. அவருக்கு நீர் அயலவரா? அவரோடு பயணம் செய்தீரா? அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்றதும், அப்படியானால் அவரை நீர் அறியவில்லை என்றார்களாம்.

அரட்டை இந்த மூன்றில் ஒன்றுமில்லை. ஆகவே புதியவரோடு வியாபாரம் தொடங்குமுன்:

1. அவரது பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள்.
2. ஒரு தடவையாவது நேரில் போங்கள். முடியாவிட்டால் அழைத்துக் குரலைக் கேளுங்கள்.
3. முதலில் சிறு தொகைக்கு எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நம்மையும் யாரோ இப்படித்தான் எடை போடுகிறார். "சரி" என்பதோடு ஒரு ஸலாமும் சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?