புதுசா வீட்டுக்கு வந்த வாத்து: முதல் 30 நாள் கவனிப்பு

போன வருஷம் அறுவடை முடிந்த சமயம். எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போன ஒரு குடும்பம், "நீங்கதான் நல்லா பாத்துக்குவீங்க" என்று சொல்லி நான்கு வாத்துகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது. கூடவே அரை மூட்டை தீவனமும் கொடுத்தார்கள். ஒரு வாத்துக்குக் கண் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. நான்குக்குமே வயிற்றுப் பக்க இறகில் சேறும் எச்சமும் கெட்டியாகப் படிந்திருந்தன. அம்மா அன்று ராத்திரியே அவற்றை எங்கள் கோழிகளோடு ஒரே கூண்டில் விட்டு மூடினார். மூன்றாம் நாள் காலையில் ஒரு வாத்து செத்துக் கிடந்தது.

செத்ததையும், கூடையில் மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, வீங்கி வெளிறிப் போயிருந்த ஈரலைக் காட்டினார். "என்ன தீவனம்மா போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். மூட்டையின் அடியில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. "இது தொத்து நோயா இருந்திருந்தா உங்க கோழி எல்லாமும் போயிருக்கும்" என்றும் சொன்னார்.

வளர்த்தவர் விட்டுப்போன வாத்து, சந்தையில் பாவம் பார்த்து வாங்கிய வாத்து, மேய்ச்சல் மந்தையில் பின்தங்கியதென்று கொடுக்கப்பட்ட வாத்து என எந்த வழியில் வந்தாலும், உடம்பு சரியில்லாமல் வரும் பறவைக்கு முதல் ஒரு மாதம்தான் முக்கியம். அந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: தனியா வையுங்க

வீட்டில் ஏற்கெனவே கோழியோ வாத்தோ இருந்தால், புதிதாக வந்தவற்றை 30 நாட்களுக்குத் தனி இடத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம், தீவனத் தட்டு, துடைப்பம் எல்லாமே தனியாக இருக்க வேண்டும். தினமும் முதலில் பழைய பறவைகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். அங்கே போக ஒரு ஜோடி செருப்பைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். நோய்க்கிருமி பெரும்பாலும் நம்ம செருப்பிலும் கையிலும்தான் பயணம் செய்கிறது.

சில நோய்கள் வாத்தின் உடம்பில் வெளியே தெரியாமலே இருக்கும். பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமக்கும் வாத்து பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். அதே வைரஸ் கோழிக்குப் போனால் கூட்டமாகச் சாகும். "பாக்க நல்லாத்தானே இருக்கு" என்று சேர்த்துவிடாதீர்கள்.

பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது

வாத்தின் கால் பலவீனமானது. கோழியைத் தூக்குவது போலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் மூட்டு பிசகிவிடும். இரண்டு கைகளாலும் இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தூக்கிய கையோடு இந்த ஐந்தையும் பாருங்கள்:

1. கண்: தெளிவாக இருக்கிறதா, நீர் வடிந்து ஒட்டியிருக்கிறதா?
2. மூக்குத் துளை: அடைத்திருக்கிறதா, சளி தெரிகிறதா?
3. நெஞ்செலும்பு: கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தால் பல நாள் பட்டினி அல்லது குடற்புழு என்று சந்தேகிக்கலாம்.
4. ஆசனவாய்ப் பகுதி: எச்சம் ஒட்டியிருக்கிறதா, புழு வைத்திருக்கிறதா?
5. உள்ளங்கால்: வீக்கம், வெடிப்பு, கறுப்புப் பொருக்கு இருக்கிறதா?

பார்த்ததை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது உதவும்.

அழுக்கு இறகு, நனையும் இறகு

வாத்து தண்ணீரில் மிதந்தாலும் உடம்பு நனையாது என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் கவனிப்பில்லாமல் வரும் வாத்து நனையும். வாலின் மேல்பக்க அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்து அலகால் அந்த எண்ணெயை எடுத்து, இறகு ஒவ்வொன்றையும் கோதி ஒழுங்கு செய்யும். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சேற்றிலும் எச்சத்திலும் கிடந்தால் கோதவே முடியாது. இறகு ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அப்படிப்பட்ட வாத்தைக் குளத்தில் விட்டால் குளிர்ந்து விறைத்துப் போகும், மூழ்கியும் போகலாம்.

அதனால் "பாவம், வாத்துதானே" என்று வந்த அன்றே ஏரியில் இறக்கிவிடாதீர்கள். வெயில் உள்ள நேரமாகப் பார்த்து, ஒரு அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, காய்ந்த அழுக்கை ஊறவைத்துக் கையாலேயே கரைத்து எடுங்கள். சோப்புத் தூள், ஷாம்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் அவை எடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் தப்பு. இறகு இன்னும் ஒட்டிப்போகும். பிறகு துணியால் ஒற்றி எடுத்து, காற்றடிக்காத உலர்ந்த இடத்தில் விடுங்கள். தினமும் சுத்தமான தண்ணீரில் சில நிமிஷம் குளிக்க விட்டால், சில வாரங்களில் அதுவே கோதிச் சரி செய்துகொள்ளும். முழுசாகக் கெட்டுப்போன இறகு, அடுத்த இறகுதிர் காலத்தில் புதிதாக முளைக்கும்போதுதான் சீராகும்.

தண்ணீர்: ஆழமும் சுத்தமும்

குளம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். வாத்துக்குக் கட்டாயம் தேவைப்படுவது, தலையை முழுசாக முக்கி எடுக்கும் அளவுக்கு ஆழமான தண்ணீர். அப்படி முக்கித்தான் அது கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்கிறது. தட்டையான கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் வைத்தால் கண் ஒட்டுவதும் மூக்கு அடைப்பதும் சீக்கிரமே வரும். எங்கள் வீட்டு வாத்தின் கண் திறந்ததற்கு மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்து ஒரு பாதி காரணம், ஒரு பழைய பக்கெட் தண்ணீர் மறுபாதி காரணம்.

அந்தத் தண்ணீரைத் தினமும், முடிந்தால் இரண்டு வேளையும் மாற்றுங்கள். வாத்து குடிக்கும் தண்ணீரிலேயே எச்சமும் போடும். தேங்க விட்டால் கொசுப்புழு வைக்கும். அது பக்கத்து வீட்டுக்கும் பிரச்சினை. தினமும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தால் கொசுவுக்கு இடமே இல்லை. அழுக்குத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாமல் வாழை, தென்னைக்கு ஊற்றுங்கள்.

கால் வீக்கம்

சொரசொரப்பான சிமெண்ட் தரையிலும், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்திலும் நின்றால் உள்ளங்கால் வெடித்து, அதன் வழியாகக் கிருமி புகுந்து சீழ் கட்டும். நடுவில் கறுப்பாகப் பொருக்கு தெரியும். அதை பிளேடால் கீறி எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவி, உலர்ந்த வைக்கோல் மேல் விட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூண்டின் தரையில் உமி, மரத்தூள் அல்லது வைக்கோல் பரப்பி, ஈரமான பகுதியை தினமும் அள்ளி எடுங்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் கார நெடி ஏறினால், வாத்தின் கண்ணும் அப்படித்தான் எரியும் என்று அர்த்தம். ராத்திரி அடைக்க, ஒரு பெரிய வாத்துக்கு 3 முதல் 4 சதுர அடி இடம் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

தீவனம்: எங்கள் வீட்டுப் பாடம்

பூஞ்சை நஞ்சை வாத்து தாங்கவே தாங்காது. கோழி தாங்கிக்கொள்ளும் அளவே வாத்தைக் கொன்றுவிடும். கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் இரண்டிலும் ஈரம் பட்டால் இந்தப் பூஞ்சை வரும். மோந்து பாருங்கள், மக்கிய வாசனை, கட்டி, பச்சை அல்லது கறுப்புப் படலம் எது இருந்தாலும் மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள். காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், நஞ்சு வெயிலில் போகாது. பழைய உரிமையாளர் கொடுத்த தீவனம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

வாத்துக்கு உலர்ந்த மாவுத் தீவனத்தை விழுங்குவது சிரமம். தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுங்கள். ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் பிசையுங்கள். நம்ம ஊர் வெயிலில் மிச்சம் சீக்கிரமே புளித்துவிடும். பிரெட்டும் சோறும் மட்டுமே போட்டு வளர்த்த குஞ்சுகளுக்குக் கால் வளைந்து, நிற்க முடியாமல் போவதுண்டு. வாத்துக் குஞ்சுக்கு நயாசின் என்ற பி வைட்டமின் கோழிக் குஞ்சைவிட அதிகம் வேண்டும். சீக்கிரம் கவனித்தால் சரி செய்யலாம். என்ன மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

உடனே மருந்தகம் போக வேண்டிய அறிகுறிகள்

• வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வது, கண்ணில் நீர், தண்ணீர் போன்ற பேதி, இறக்கை தொங்குவது: வாத்து பிளேக் ஆக இருக்கலாம்.
• கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடப்பது: வற்றிய குட்டையில் அழுகிய பொருளைத் தின்றதால் வரும் நஞ்சு. கோடையில் இது அதிகம்.
• வாலை ஆட்டி ஆட்டி முக்குவது, முட்டை வராமல் சுருண்டு உட்காருவது: முட்டை அடைப்பு.
• மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டே இருப்பது.
• ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் சாவது.

கால்நடை மருத்துவ சேவைக்கான கட்டணமில்லா எண் 1962. ஆனால் வாத்து சிறிய பறவை; கூடையில் வைத்து நீங்களே பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போவதுதான் வேகம். போகும்போது அன்றைய எச்சம் கொஞ்சம் சுத்தமான டப்பாவில், போடுகிற தீவனம் ஒரு கைப்பிடி, செல்போனில் எடுத்த வீடியோ, நீங்கள் எழுதி வைத்த தாள் இவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மயங்கிய வாத்தின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரையும் வேண்டாம். மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டையைச் சாப்பிடலாமா, எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

தடுப்பூசி: முன்கூட்டியே சொல்லுங்க

வாத்து பிளேக் நோய்க்கு 8 முதல் 12 வார வயதில் தடுப்பூசி போடப்படுகிறது. பழைய விவரம் தெரியாமல் வந்த பெரிய வாத்துக்கும், உடம்பு தேறிய பிறகு, மருத்துவர் பார்த்துப் போடுவார். நோயோடு இருக்கும்போது தடுப்பூசி வேலை செய்யாது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மருந்துக் குப்பி பல பறவைகளுக்கான அளவில்தான் வரும். கரைத்த பிறகு சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மூன்று வாத்துக்காக ஒரு குப்பியைத் திறப்பது கஷ்டம். எனவே மருந்தகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு, ஊரில் வாத்து வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போங்கள்.

செத்துப்போனால்

வருத்தத்தில் வாய்க்காலிலோ குப்பைத் தொட்டியிலோ போட்டுவிடாதீர்கள். ஒரு பறவை என்றால், கையில் உறை போட்டு, இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, தாமதிக்காமல் மருந்தகத்தில் கேட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காரணம் தெரிந்தால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். கூட்டமாகச் செத்தால் எதையும் தொடாமல், விற்காமல், சமைக்காமல் உடனே தகவல் சொல்லுங்கள். 2014ல் கேரளாவின் குட்டநாட்டு வாத்துப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவியது நினைவிருக்கலாம். மறைப்பதால் நோய் அடுத்த ஊருக்குப் போகுமே தவிர நிற்காது. புதைக்கச் சொன்னால் நீர்நிலைக்கு அப்பால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

உங்களுக்கும் சில விதிகள்

வாத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கொஞ்சட்டும், முத்தம் மட்டும் வேண்டாம். வாத்தின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள். வாத்துப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

இன்னொன்று: ஏரியில் அடிபட்டுக் கிடந்த புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி போன்ற காட்டுப் பறவைகளை வீட்டில் வளர்க்க வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 அனுமதிக்காது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த மூன்று வாத்துகளும் தேறிவிட்டன. 30 நாள் முடிந்த பிறகும் அம்மா இன்னும் தனிச் செருப்பு போட்டுக்கொண்டுதான் அங்கே போகிறார். தீவனம் வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே மூட்டையைப் பிரித்து மோந்து பார்க்கிறார். "என்னம்மா, நம்பிக்கை இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டால், "ஒன்னு போனது போதும்பா" என்கிறார்.