பாட்டாகப் பொங்கிய பாயசம்

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் பாயசம் செய்யும்போது பாட்டியின் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? "பால் பொங்கி வரட்டும்... இப்ப அரிசியைப் போடு... அடி பிடிக்காம கிண்டு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் அதுவே ஒரு பாட்டு மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட சமையல் குறிப்பை நிஜமாகவே பாட்டாக எழுதிப் புத்தகம் போட்ட ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஹோர்ஹே ஆர்கெத்தா. 2010-இல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'அரோஸ் கோன் லெச்சே'. ஸ்பானிஷ் மொழியில் 'பாலுடன் அரிசி' என்று அர்த்தம். அரிசி, பால், சர்க்கரை, துளி உப்பு, கொஞ்சம் பட்டை. நம் பால் பாயசத்தின் தூரத்துச் சொந்தம்தான்! ஏலக்காய்க்குப் பதில் அவர்கள் பட்டை போடுகிறார்கள். அந்தப் பட்டையின் பூர்வீகம் எது தெரியுமா? நம் பக்கத்து இலங்கை.

ஆர்கெத்தா பிறந்த நாடு மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர். தமிழ்நாட்டை ஆறு பங்கு வைத்தால் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 1980-இல் அவர் ஊரை விட்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் போய்விட்டார். அவரைப் போல ஏராளமான குடும்பங்கள் போயின.

போன இடத்தில் ஒரு சங்கடம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசுகிறார்கள். வீட்டில் பாட்டிக்கோ ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். நாளாக ஆக, பேத்தி சொல்வது பாட்டிக்குப் புரிவதில்லை. பாட்டி சொல்வது பேத்திக்குப் புரிவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச முடியாமல் போனால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்!

ஆர்கெத்தாவின் புத்தகங்களில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். பாட்டி ஸ்பானிஷ் வரியைப் படிக்கலாம். பேத்தி ஆங்கில வரியைப் படிக்கலாம். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தைக் கிண்டலாம்.

இந்த வரிசையில் முதலில் வந்தது 2009-இல் 'சோப்பா டே ஃப்ரிஹோலேஸ்', அதாவது பீன்ஸ் விதை சூப். உலர்ந்த விதைகளை மேசையில் பரப்பிக் கல் பொறுக்குவதில் தொடங்குகிறது வேலை. நாம் முறத்தில் பருப்பைப் போட்டுக் கல் பார்ப்போமே, அதே கதைதான். 2013-இல் வந்த 'தமாலித்தோஸ்' புத்தகத்தில் மக்காச்சோள மாவை மக்காச்சோள மடலிலேயே பொதிந்து ஆவியில் வேக வைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். கார்த்திகைக்கு அவித்த ஓலைக் கொழுக்கட்டை நினைவுக்கு வந்திருக்கும். (தமால் என்ற பலகாரப் பெயருக்கும் தமிழுக்கும் சம்பந்தமில்லை. யாராவது உண்டு என்று சொன்னால் நம்பாதீர்கள்!)

எனக்குப் பிடித்தது 2015-இல் வந்த 'சல்சா'. அந்தச் சொல்லுக்குத் தொக்கு என்றும் அர்த்தம், ஒரு நடனம் என்றும் அர்த்தம். ஆகவே அங்கே தக்காளி கொட்டு மேளமாகிவிடுகிறது. பூண்டுப் பல் ஊதுகுழலாகிவிடுகிறது. கல் உரலில் இடிக்கும் ஓசை தாளம். கொத்தமல்லிதான் கச்சேரியை நடத்துகிறது!

கத்தியையும் அடுப்பையும் பிள்ளைகள் தொடலாமா என்று உங்கள் அம்மா கேட்பார். ஆர்கெத்தா அதை மறக்கவில்லை. பெரியவர்கள் கூட இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். குறி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பெரியவரைக் கூப்பிட வேண்டும். நல்ல ஏற்பாடு.

இன்னொரு சேதி. ஆர்கெத்தா பிபில் நவா என்ற பழங்குடி மரபில் வந்தவர். அவர்களுடைய மொழி நவாத். அதன் சகோதர மொழியான மெக்சிகோவின் நவாத்தல் மொழியிலிருந்துதான் 'டொமேட்டோ', 'சாக்லேட்', 'அவகாடோ' எல்லாம் உலகம் சுற்றி நம் வாய்க்கு வந்தன. ஆனால் நவாத் மொழிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1932-இல் எல் சால்வடோரில் ஏழை விவசாயிகளும் பழங்குடி மக்களும் கிளர்ந்து எழுந்தபோது ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன் பிறகு, தாய்மொழியில் பேசினால் அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து, பல பெற்றோர் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். இன்று நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். 2017-இல் தண்ணீரைப் பற்றி ஆர்கெத்தா வெளியிட்ட 'ஆகுவா, ஆகுவீத்தா' புத்தகத்தில் ஸ்பானிஷ், ஆங்கிலத்தோடு நவாத்தும் இருக்கிறது.

தம் புத்தகங்களை அவர் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் எடுத்துச் சென்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். சொந்த நாட்டில் 'கனவுகளின் நூலகம்' என்று ஒன்றும் தொடங்கியிருக்கிறார். அங்கே சிறுவர் கவிதைத் திருவிழாவும் நடத்தினார். விழாவின் பெயர் மன்யூலா. அது அந்த நாட்டு மிருகக்காட்சி சாலையில் பிள்ளைகளின் செல்லமாக இருந்து 2010-இல் இறந்துபோன யானையின் பெயர். அந்த யானை நம் இந்தியாவிலிருந்து போனது!

இவர் புத்தகங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளைகள் உண்டு. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் மகன் ஒருவன் என் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. தமிழ் தெரியாத பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவன் முறை வந்ததும் எழுந்து, மெதுவாக, "பொக்காளோ" என்றான். யாருக்கும் புரியவில்லை. கையால் சோறு அள்ளிக் காட்டினான். தண்ணீர் ஊற்றிக் காட்டினான். வெங்காயம் கடித்துக் காட்டினான். "ஐயா, பழைய சோறு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

அன்று கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டேன். ஒரு பக்கம் நம் சொல், மறு பக்கம் அவன் சொல். அவன் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதினோம். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. மழைக்காலம் வந்ததும் சூளை வேலை நின்று, அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. என் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. மொத்தம் இருபத்து மூன்று.