குத்தின் பலம் காலில்

2024 மார்ச் 8, ரியாத். சிறுவயதில் கேமரூனின் மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்து உடம்பை இறுக்கிக்கொண்டவர் பிரான்சிஸ் எங்கானூ. கலப்புச் சண்டை அமைப்பான யூஎஃப்சியின் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். நான்கு மாதத்துக்கு முன் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃபியூரியையே தரையில் சாய்த்துக் காட்டியவர். அன்று குத்துச்சண்டை வளையத்தில் குத்துச்சண்டை வீரர் ஆந்தனி ஜோஷுவாவிடம் இரண்டு ரவுண்டுக்குள் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை எழவில்லை.

தசை வலுவில் எங்கானூ யாருக்கும் இளைத்தவரல்ல. அப்படியானால் ஜோஷுவாவின் குத்தில் கூடுதலாக இருந்தது என்ன?

பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்து 1985இல் ஓர் ஆய்வு வெளியானது. கிளம்பிய பத்தில் ஒரு விநாடிக்குள் முஷ்டி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. விழுந்த விசை சுமார் 400 கிலோ எடைக்குச் சமம். கை மட்டும் தருகிற விசையல்ல இது. பின்னங்கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் பாய்கிறது, முஷ்டி கடைசியில்தான் வருகிறது. படும் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் இறுகி நின்றால் மொத்த உடம்பும் அதன் பின்னால் நிற்கும். குத்துச்சண்டை வீரர் ஆயுள் முழுக்கப் பழகுவது இந்த ஒன்றைத்தான். ஒப்பிட்டுப் பார்த்தால், கியோகுஷின் கராத்தேக்காரர்கள் முழு பலத்தோடு மோதுகிறவர்கள். ஆனால் போட்டியில் முகத்தில் குத்த அனுமதியில்லை. பழகாத இலக்கில் முழுப் பலம் சேர்வது கடினம்.

கிளவுஸையும் மறக்கக் கூடாது. துணி சுற்றிய கையில் 10 அவுன்ஸ் கிளவுஸ் இருப்பதால்தான் மண்டையில் முழு வேகத்தில் குத்த முடிகிறது. வெறுங்கையென்றால் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள கை எலும்பு முறியக்கூடும்.

என் கணிப்பில், எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு விதிதான். குத்துச்சண்டையில் காலை யாரும் தொட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் முழு எடையையும் முன்காலில் இறக்க முடிகிறது. அந்தப் பாதுகாப்பு போனால் என்ன ஆகும்? பல எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் டோனி, 2010இல் யூஎஃப்சி கூண்டுக்குள் ராண்டி கூட்டூரைச் சந்தித்தார். தொடங்கிய சில விநாடிகளில் கூட்டூர் காலைப் பற்றிக் கீழே தள்ளினார். முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் ஆட்டம் முடிந்தது. டோனியின் கை அன்றும் அதே கைதான். ஊன்ற நிலம் கிடைக்கவில்லை.

1988இல் லாஸ் வேகஸில் நடந்ததை இதற்கு இன்னும் வலுவான சான்றாக வைப்பேன். அமெரிக்கக் கிக்பாக்ஸர் ரிக் ரூஃபஸ், தாய்லாந்தின் சாங்புவெக்கின் தாடையை முதல் ரவுண்டிலேயே உடைத்தார். இடுப்புக்குக் கீழே உதைவாங்கிப் பழகாதவர் ரூஃபஸ். தாடை உடைந்த நிலையிலும் சாங்புவெக் தொடையில் உதைத்துக்கொண்டே இருந்தார். ரூஃபஸின் கால்கள் செயலிழந்தன. கூடவே கையின் சக்தியும் போயிற்று. கடைசியில் அவரை ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். ரிக்கின் தம்பி டியூக் பிறகு தொடையில் உதைப்பதை அனுமதிக்கும் தாய்லாந்துச் சண்டைக்கலையான முவாய் தாய் கற்று, அதைச் சொல்லித்தரும் பயிற்சியாளரானார்.