ஈரல் வடிவச் செடிகளைத் தேடியவர்

ஈரப் பாறையிலும் கிணற்றுச் சுவரிலும் பச்சைத் தகடாய் ஒட்டிக்கிடக்கும் சிறு செடியைப் பார்த்திருப்பீர்கள். பூவும் விதையும் இல்லாத அதற்கு, ஈரல் போன்ற வடிவத்தால் லிவர்வொர்ட் என்று பெயர். அதைத் தேடி இமயமலையில் நடந்தவர் சிவராம் காஷ்யப். 1882இல் ஜீலத்தில் பிறந்தவர். மருத்துவம் பயின்று, பின்பு தாவரவியலுக்கு வந்தார். லாகூரில் பேராசிரியராக இருந்துகொண்டே மேற்கு இமயத்தில் செடிகளைச் சேகரித்தார். திபெத்துக்கும் பயணம் செய்தார். ஸ்டீவன்சோனியெல்லா, ஐச்சிசோனியெல்லா, சிவார்டியெல்லா ஆகிய புதிய பேரினங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மேற்கு இமய லிவர்வொர்ட்டுகள் பற்றிய அவரது நூலின் முதல் பகுதி 1929இல் வெளிவந்தது. 1934இல் மறைந்த காஷ்யப்பே, இத்தகைய சிறு செடிகளை ஆராயும் பிரையாலஜி துறைக்கு இந்தியாவில் தந்தையாகப் போற்றப்படுகிறார்.