பஞ்சாங்கம் பார்க்கும் கணினி

மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில், சமணர் மலையடிவாரத்திலிருந்து தினமும் டவுனுக்குப் பஸ் ஏறுகிறவர், எந்த வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று யோசிக்காமலே சொல்லிவிடுவார். திங்கட்கிழமைக் காலை நெரிசல், முகூர்த்த நாள் நெரிசல், மழை பிடித்தால் வரும் நெரிசல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மெட்ரோ ரயிலுக்காக இந்த மனப்பாடத்தைக் கணினிக்குப் பழக்க உதவுவதுதான் இயந்திரக் கற்றல்.

2015 ஜூன் 29இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். பயணி அட்டையைக் காட்டியதும் கதவு திறக்கிறது; எந்த நிலையம், எத்தனை மணி என்பது பதிவாகிறது. இந்தப் பதிவுகளைக் கால்மணி நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் போன வாரம் இதே நேரத்து எண்ணிக்கை, விடுமுறையா, மழையா என்று எழுதிக் கொடுத்தால், கணினி ஒரு எண்ணை ஊகிக்கும். உண்மை எண்ணோடு ஒப்பிட்டு, பிசகு குறையும்வரை தன் கணக்கைத் திருத்திக்கொண்டே போகும். ‘போன வாரம் எத்தனை பேரோ, இந்த வாரமும் அத்தனை பேர்’ என்ற சோம்பேறிக் கணக்கே பல நாள் பலித்துவிடும் என்பது வேறு விஷயம். அதை ஜெயிக்காத மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

சோம்பேறிக் கணக்கு சறுக்கும் நாளில்தான் சோதனை. 2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க ஊரே திரண்டது. ‘ஞாயிறு’ என்று மட்டும் அறிந்த கணினி அன்று ஏமாந்திருக்கும்.

மதுரையில் இன்னும் வேடிக்கை. கள்ளழகர் வைகையில் இறங்கியது 2024இல் ஏப்ரல் 23. 2025இல் மே 12. ஆங்கிலத் தேதியை நம்பினால் கூட்டமில்லாத நாளுக்குக் கூடுதல் ரயில் விட வேண்டியதுதான். அழகர் இறங்கும் சித்ரா பௌர்ணமியைத் தனிக் கட்டமாகச் சேர்த்தாக வேண்டும்.

ஆனால் மதுரையில் எண்ணிப் பார்க்க மெட்ரோ கதவே இல்லை. திருமங்கலம்–ஒத்தக்கடை இடையே சுமார் 32 கிலோமீட்டருக்குப் போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை, எதிர்பார்க்கும் பயணிகளுக்கு விரைவுப் பேருந்துத் தடமே போதும் என்பது காரணம். இப்படி வராத ரயிலுக்குப் போடும் கணக்கு வேறு ஜாதி. வீடு வீடாகப் போய், சாலையில் வண்டிகளை எண்ணி, மெட்ரோ வந்தால் பஸ்ஸை விடுவீர்களா என்று கேட்டுப் போடுவது. கதவுப் பதிவின் துல்லியம் அதில் வராது.

கைவசம் இருப்பது டவுன் பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின். 2021 முதல் கட்டணமின்றிப் போகும் பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள், அதுவும் கணக்குத்தான். திருமங்கலம்–ஒத்தக்கடைத் தடம் கீழக்குயில்குடி வழியாகப் போவதில்லை. அந்த ஊர்க்காரர் பஸ்ஸில் வந்துதான் மெட்ரோ ஏற வேண்டியிருக்கும். அடுத்த முறை கணக்குப் போடுகிறவர்கள் அவருடைய பஸ் டிக்கெட்டையும் எண்ணட்டும்.