கணினியில் வேண்டாத குறுக்குவழிகள்



கண்டி வீதியில் மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே பிரியும் வெள்ளாங்குளம் வீதி, மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் எம்மை இட்டுச் செல்கின்றது. அச்சந்தியிலே நிற்கும் கைகாட்டியை எவரோ இரவோடிரவாகப் பிடுங்கி எறிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் துணுக்காய் மறைந்து போய்விடுமா? வழி அறியாதவர் சற்றுத் தடுமாறுவார். ஊரோ இருந்த இடத்திலேயே இருக்கும். கணினித் திரையிலும் கைத்தொலைபேசியின் முகப்பிலும் நாம் காணும் சின்னங்களுட் பல இத்தகைய கைகாட்டிகளே. இவற்றை ‘ஷோர்ட்கட்’ என்றும், தமிழிலே குறுக்குவழி என்றும் வழங்குகின்றோம்.

வன்னியில் வாழ்பவர்க்கு இதனை வேறொரு வகையாலும் விளங்க வைக்கலாம். 2009 ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் மீளக் குடியேறியபோது, பற்றைக்காடுகளின் ஓரத்திலே மண்டையோட்டுக் குறியுடன் செந்நிறப் பலகைகள் நின்றன. பலகையைப் பிடுங்கினால் மிதிவெடி அகன்றுவிடாது என்பதை அன்று சிறு பிள்ளையும் அறிந்திருந்தது. கணினியிலே மட்டும் இந்த அறிவை நாம் ஏனோ மறந்துவிடுகின்றோம். குறியை நீக்கிவிட்டுப் பொருள் நீங்கிற்று என நம்புகின்றோம். குறி காணாமற் போனதும் பொருளே அழிந்தது எனப் பதறுகின்றோம்.

இந்தக் கைகாட்டிக்கு வயது அதிகமில்லை. அப்பிள் நிறுவனம் 1991 இல் தன் மக்கின்டொஷ் கணினிக்கென வெளியிட்ட சிஸ்ரம் 7 இல் இதனை ‘ஏலியஸ்’ என்ற பெயரால் அறிமுகஞ் செய்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1995 இல் விண்டோஸ் 95 உடன் இதனைப் புகுத்தியது. இஃது ஒரு மிகச் சிறிய கோப்பு. இன்ன செயலி இன்ன இடத்தில் இருக்கின்றது என்னும் முகவரியைத் தவிர இதனுள் அதிகம் எதுவும் இல்லை; பெரும்பாலும் ஓரிரு கிலோபைட் இடமே இதற்குப் போதும். ஆகவே, திரையிலுள்ள ஐம்பது குறுக்குவழிகளை நீக்கிவிட்டுக் கணினி விரைந்து ஓடும் என்று எதிர்பார்த்தல், படலையிலுள்ள பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் இடம் கூடிவிட்டது என்பதற்கு ஒப்பாகும்.

விண்டோஸ் கணினியிலே குறுக்குவழியை இனங்காணுதல் எளிது. சின்னத்தின் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி இருக்கும். அம்புக்குறி இருப்பின், சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி ‘டிலீட்’ என்பதைத் தெரிவு செய்யலாம். செயலிக்கு எவ்வித ஊறும் நேராது. அம்புக்குறி இல்லையாயின் கையை எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் உண்மையான ஆவணமோ கோப்புறையோ ஆகும். செயலியையே அகற்ற விரும்புவோர், ‘செட்டிங்ஸ்’ பகுதியிலுள்ள ‘அப்ஸ்’ பட்டியலுக்குச் சென்று ‘அன்இன்ஸ்டோல்’ செய்தல் வேண்டும். அஃது ஊரையே எடுப்பது; முன்னையது கைகாட்டியை எடுப்பது.

இனி, எம் பாடசாலைகளை அதிகம் வருத்தும் ஒரு தொல்லைக்கு வருகின்றேன். தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பென்டிரைவிலே இட்டு, போட்டோப்பிரதிக் கடைக்கு ஆசிரியர் கொண்டு செல்கின்றார். அன்று காலையிலிருந்து பத்துப் பேருடைய பென்டிரைவுகள் நுழைந்த கணினி அது. திரும்பி வந்து பார்த்தால், கோப்புறைகள் எல்லாம் அம்புக்குறி பூண்டு நிற்கின்றன. அல்லது யாவும் மறைந்து, ஒரேயொரு குறுக்குவழி மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. ஆசிரியர் அதனை இரு முறை சொடுக்குகின்றார். அந்தக் கணமே தீநிரல் அவருடைய கணினிக்குள்ளும் குடிபுகுகின்றது. சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, எல்லாம் போய்விட்டது என்று மனம் நொந்து, பென்டிரைவை ‘ஃபோர்மட்’ செய்துவிடுகின்றனர். உண்மையில் அழிவு அப்பொழுதுதான் நிகழ்கின்றது. மூன்று மாத உழைப்பும் மாணவர் புள்ளிப் பட்டியலும் அதுவரை அதனுள்ளேயே பத்திரமாக இருந்தன. தீநிரல் அவற்றை மறைத்துத்தான் வைத்திருந்தது.

எனவே முதலிற் செய்யத்தக்கது யாதெனின், எதனையும் சொடுக்காதிருத்தல். அடுத்து, புதுப்பிக்கப்பட்ட நச்சுநிரற் காப்புள்ள கணினியொன்றிற் பென்டிரைவைச் சோதித்தல். விண்டோஸுடன் வரும் ‘டிபென்டர்’ இதற்குப் பெரும்பாலும் போதும். பின்னர், கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் ‘வியூ’ அமைப்புகளுக்குச் சென்று, மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு பணித்தல் வேண்டும். இவ்விடத்திலே பலர் ஏமாறுகின்றனர். இத்தீநிரல்கள் கோப்புகளை மறைப்பதுடன் நில்லாது, அவற்றுக்கு இயக்க முறைமைக் கோப்புகள் என்ற வேடத்தையும் இட்டுவிடுகின்றன. ஆதலால், பாதுகாக்கப்பட்ட இயக்க முறைமைக் கோப்புகளை மறைக்கும் அடையாளத்தையும் எடுத்துவிட்டாலன்றி அவை கண்ணிற் படா. எடுத்ததும் மங்கலான நிறத்தில் யாவும் தோன்றும். சில வேளைகளில் பெயரற்ற கோப்புறையொன்றினுள்ளே எல்லாம் குவிந்து கிடக்கும். உங்கள் ஆவணத்தைத் திறந்து, கணினியிலே வேறு பெயரிற் சேமித்துக்கொள்ளுங்கள். மறைப்பை முற்றாக நீக்க ‘அட்ரிப்’ என்னும் கட்டளை உண்டு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியரிடம் கேட்டால் சொல்லித் தருவார். ஆவணங்கள் யாவும் வெளியே வந்த பின்னரே ‘ஃபோர்மட்’ பற்றிச் சிந்திக்கலாம். வேலை முடிந்ததும் அமைப்புகளைப் பழையபடி மாற்றிவிடல் வேண்டும். இல்லையேல் கணினிக்கு உயிரான கோப்புகளை மாணவர் எவரேனும் குப்பை என்றெண்ணி நீக்கிவிடக்கூடும்.

இவற்றைச் செய்யாது, அம்புக்குறிச் சின்னங்களை மட்டும் ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருப்பவர், வயலிற் கோரையை மேலால் அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டவர் ஆவார். அடுத்த முறை பென்டிரைவைச் செருகியதும் அவை மீண்டும் முளைத்து நிற்கும்.

சொடுக்காவிட்டால் சின்னம் என்ன செய்யும் என்று கேட்கலாம். 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் இக்கேள்விக்கு விடை தந்தது. ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தைத் தாக்கியதாக உலகம் பேசிய தீநிரல் அது. பென்டிரைவிலுள்ள குறுக்குவழியின் சின்னம் திரையிலே தோன்றிய அளவிலேயே அது இயங்கிவிடத்தக்கதாக இருந்தது. விண்டோஸிலிருந்த ஒரு குறைபாடே அதற்குக் காரணம். மைக்ரோசொஃப்ட் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. கணினியைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தலை நாள்தோறும் ஒத்திவைப்போர் இதனை நினைவிற் கொள்க.

இணைய உலாவியைத் திறந்ததும் வரிசையாகத் தோன்றும் தளச் சின்னங்களும் குறுக்குவழிகளே. குரோம் உலாவியில், சின்னத்தின் மேற் சுட்டியை வைத்தால் மூன்று புள்ளிகள் தோன்றும்; அங்கே ‘ரிமூவ்’ என்று இருக்கும். ஆயினும் சென்று வந்த தளங்களின் வரலாறு இதனால் அழியாது. அதனை வேறாக அழித்தல் வேண்டும். உலாவியைத் திறக்கும்போதெல்லாம் அறியாத விளம்பரத் தளமொன்று வருமாயின், உலாவியின் குறுக்குவழியிலே ‘புரொப்பர்ட்டீஸ்’ சென்று ‘டார்கெட்’ என்ற கட்டத்தை நோக்குங்கள். செயலியின் பெயருக்குப் பின்னால் ஏதேனும் இணைய முகவரி ஒட்டியிருந்தால், அது பிறர் கட்டிய வால், அதனை வெட்டிவிடலாம். அங்கே ஒன்றும் இல்லையெனின், உலாவியின் தொடக்கப் பக்க அமைப்பையும் நீட்சிகளையும் பார்த்தல் தகும்.

கைத்தொலைபேசியிலே அம்புக்குறி இல்லை; சொல்லைத்தான் நோக்க வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் சின்னத்தை அழுத்திப் பிடித்தால், ‘ரிமூவ்’ என்பது முகப்பிலிருந்து மட்டும் நீக்கும். ‘அன்இன்ஸ்டோல்’ என்பது செயலியையே நீக்கும். ஐபோனில் 2020 இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இவ்விரு தெரிவுகளும் தனித்தனியே உள. சில அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் செயலிகள் யாவும் முகப்பிலேயே வைக்கப்பட்டிருப்பதால், முன்னைய தெரிவு இராது. அங்கே சின்னத்தை நீக்குதல் செயலியை நீக்குதலே ஆகும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலந்தொட்டு, ஒரே தொலைபேசியிலே பிள்ளையின் பாடக் குறிப்பும் வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய குரற்பதிவும் சேர்ந்து கிடக்கும் வீடுகள் பல. வட்ஸ்அப்பை இரு முறை காண்கின்றோமே என்றெண்ணி அதனை ‘அன்இன்ஸ்டோல்’ செய்தால், காப்புப்படி எடுத்து வைத்திராத உரையாடல்கள் மீளா. முதலிற் காப்புப்படி, பிறகே நீக்கம்.

அன்ட்ரொயிடின் எட்டாம் பதிப்பு 2017 இல் வந்தது முதல், உரியவரின் சம்மதம் கேளாது எந்தச் செயலியும் முகப்பிலே குறுக்குவழி பதிக்கும் பழைய முறை நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே நீங்கள் இடாத சின்னம் திரும்பத் திரும்ப வருமாயின், அதனை நீக்குவதோடு அமையாது, அண்மையில் நிறுவிய செயலிகள் எவை, முன்பின் அறியாத இணைப்பைத் தொட்டு இறக்கியது எது என்று பட்டியலைப் பார்த்துச் செயலியையே அகற்றுங்கள். முன்னின்று உதவ எவரும் இல்லாதவர், 2006 இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.